ஹவார் யாருடையது?

பஹ்ரைன் ஆட்சியாளருக்கும் கத்தார் ஆட்சியாளருக்கும் 1939 ஜூலை 11 தேதியிட்டு ஒரு முடிவு போனது. அனுப்பியவர் பாரசீக வளைகுடாவின் பிரிட்டிஷ் ரெசிடென்ட், அதாவது அங்கே பிரிட்டனின் தலைமைப் பிரதிநிதி, ட்ரென்சர்ட் ஃபௌல். ஹவார் தீவுகள் பற்றிய வழக்கை மாட்சிமை தங்கிய பிரிட்டிஷ் அரசு ஆராய்ந்தது, அவை பஹ்ரைனைச் சேர்ந்தவை, கத்தாரைச் சேர்ந்தவை அல்ல. சொன்னது அவ்வளவுதான். எந்தச் சான்றை ஏற்றார்கள், எதைத் தள்ளினார்கள் என்று ஒரு வரி கூடக் கிடையாது. 62 ஆண்டுகளுக்குப் பிறகு ஹேகில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில் 17 நீதிபதிகள் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னபோது, ஹவாரைப் பொறுத்தவரை பெரும்பான்மையினர் நம்பிக் கைவைத்தது இந்தக் கடிதத்தின் மேல்தான்.

இந்தத் தீவுகள் மேல் எனக்கு அக்கறை வந்ததற்குக் காரணம் வேலை. கத்தாரின் மேற்குக் கரையில், துகான் பக்கம் கொஞ்ச காலம் இருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் நண்பர்களோடு ஸிக்ரீத் கடற்கரைக்குப் போவோம். தூசி இல்லாத நாளில் கடலுக்கு அப்பால் தரையோடு தரையாக ஒரு பழுப்புக் கோடு தெரியும். அது கத்தாரின் தீவு என்றுதான் யாரும் நினைப்பார்கள். மிகக் குறுகிய இடத்தில் நடுவே இருக்கும் நீர் சுமார் 2 கி.மீ. அகலம்தான். பஹ்ரைனின் பெரிய தீவோ அங்கிருந்து 20 கி.மீ. அளவில் இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருப்பது எப்படி அந்தப் பக்கத்து நாட்டுக்குப் போனது என்ற கேள்வியோடு ஆரம்பித்த வாசிப்பு இது. பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள பழைய இந்தியா ஆபீஸ் கோப்புகளைக் கத்தார் மின்நூலகம் பக்கம் பக்கமாக வலையேற்றி வைத்திருக்கிறது. தட்டச்சுத் தாள்கள், ஓரத்தில் பென்சில் குறிப்புகள், அரபுக் கடிதங்களோடு கோத்துவைத்த ஆங்கில மொழிபெயர்ப்புகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. வளைகுடாவில் பிரிட்டிஷ் பிரதிநிதிகளாக இருந்தவர்கள் இந்திய அரசியல் பணியில் இருந்து போனவர்கள். அந்தக் கரை முழுவதும் செலாவணி ரூபாய். கோப்புகளைப் புரட்டும்போது நம் ஊர்ப் பழைய கலெக்டர் ஆபீஸ் காகிதங்களைப் படிக்கிற உணர்வு வந்துகொண்டே இருக்கும்.

கதையை 1783-இல் இருந்து சொல்லலாம். இன்று பஹ்ரைனை ஆளும் அல் கலீஃபா குடும்பம் அதற்கு முன்பு கத்தார் தீபகற்பத்தின் வடமேற்கில், ஸுபாரா என்ற முத்து வணிக நகரத்தில் இருந்தது. அங்கிருந்து கிளம்பித்தான் பஹ்ரைனைப் பிடித்தார்கள். அதனால் ஸுபாராவைத் தங்கள் முன்னோர் ஊராகவே அவர்கள் கடைசிவரை கருதினார்கள். எதிர்க்கரையில் தோஹாவில் அல் தானி குடும்பம் தலையெடுத்தது. 1867-இல் பஹ்ரைனும் அபுதாபியும் சேர்ந்து தோஹாவையும் வக்ராவையும் சூறையாடின. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் ரெசிடென்ட் லூயிஸ் பெல்லி வந்து, முகமது பின் தானியிடம் தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதி வாங்கினார். கத்தார் என்று தனியாக ஓர் ஆட்சி உண்டு என்பதற்கு முதல் காகிதச் சான்று அதுதான். பிறகு 1871 முதல் 1915 வரை தோஹாவில் துருக்கியப் படை இருந்தது. அது போனதும் 1916-இல் பிரிட்டன் கத்தாரோடும் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. பஹ்ரைன் அதற்கு வெகு முன்பே, 1861-இலேயே பிரிட்டிஷ் குடைக்குள் வந்துவிட்டது.

இந்த ஒப்பந்தங்களில் எதிலும் ஹவார் பெயர் சொல்லித் தீர்க்கப்படவில்லை. அதற்குத் தேவையும் அப்போது இல்லை. ஆற்று நீரோ ஊற்று நீரோ இல்லாத தரை அது. மழைநீரைத் தேக்கும் தொட்டிகளை நம்பித்தான் அங்கே வாழ முடியும். ஜிப்சம் வெட்டி எடுக்கலாம், ஆடு மேய்க்கலாம், மீன் பிடிக்கலாம். ஆழமில்லாத கரையோரக் கடலில் வேலி போல வளைத்துக் கட்டிய மீன்பொறிகள் அங்கே முக்கியமான சொத்து. ஏற்றத்தில் உள்ளே வரும் மீன், நீர் வற்றும்போது வெளியே போக வழியில்லாமல் உள்ளறையில் தங்கிவிடும். ஆள் நடந்துபோய் அள்ளிக்கொண்டு வரலாம். அரபியில் ஹத்ரா என்பார்கள். அதைக் கட்டும் இடம் யாருக்கு என்பதில் சண்டை வரும், வந்தால் காதியிடம், அதாவது இஸ்லாமிய நீதிபதியிடம், போவார்கள். பிற்பாடு ஒரு தீவுக்கூட்டத்தின் இறையாண்மைக்கே இந்த மீன்பொறி வழக்குகள் சான்றாக நின்றன.

ஹவாரில் வந்து தங்கியவர்கள் தவாஸிர் இனக்குழுவைச் சேர்ந்தவர்கள். அவர்களின் இன்னொரு இருப்பிடம் பஹ்ரைனில் உள்ள ஸல்லாக். குளிர்காலத்தில் ஹவாருக்கு வந்து மீன் பிடிப்பார்கள், பருவம் மாறினால் திரும்பிப் போவார்கள். 1909-இல் பஹ்ரைனில் பிரிட்டிஷ் பொலிட்டிக்கல் ஏஜென்டாக, அதாவது ரெசிடென்டுக்குக் கீழே உள்ள பிரதிநிதியாக, இருந்த பிரிடோ என்பவர் தீவுக்கே போய்ப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார். என்னைப் பொறுத்தவரை இந்த வழக்கின் மிக நேர்மையான ஆவணம் அதுதான். நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் ஸுபாராவின் காதி இந்தத் தீவை எங்களுக்கு எழுத்தில் தந்தார், அந்தக் காகிதம் இன்னும் எங்களிடம் இருக்கிறது, இது எங்கள் சொந்த நிலம் என்கிற தொனியில் தவாஸிர் பேசினார்கள் என்று அவர் பதிவு செய்திருக்கிறார்.

இதில் இரண்டு பக்கத்து வாதமும் ஒன்றாகக் கிடக்கிறது. கொடுத்தவர் ஸுபாராவின் காதி, ஸுபாரா இருப்பது கத்தார் மண்ணில், ஆகவே தீவும் கத்தாரோடு சேர்ந்தது என்று வாதிடலாம். ஸுபாராவில் அப்போது அதிகாரம் அல் கலீஃபாக்களிடம் இருந்தது, வாங்கியவர்கள் பஹ்ரைன் குடிமக்கள், ஆகவே தீவு பஹ்ரைனைச் சேர்ந்தது என்றும் வாதிடலாம். தவாஸிரோ மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார்கள்: எங்களுடையது.

அந்தக் காலத்து அரபுக் கரையில் ஷேக்குகளின் ஆட்சி மனிதர்கள் மேல்தான் இருந்தது. எந்த இனக்குழு யாருக்கு வரி கட்டுகிறது, சண்டை என்றால் யார் பக்கம் நிற்கிறது, தகராறு வந்தால் யாருடைய காதியிடம் போகிறது என்பதே எல்லை. குழு மனம் மாறினால் எல்லையும் அதோடு நகர்ந்துவிடும். இதே தவாஸிர் 1923-இல் பஹ்ரைன் ஆட்சியோடும் அங்கிருந்த பிரிட்டிஷ் அதிகாரியோடும் முரண்பட்டு, கூட்டமாகப் படகேறி இப்னு சவூதின் தம்மாமுக்குப் போய்விட்டார்கள். சில ஆண்டுகள் கழித்துத்தான் திரும்பினார்கள். இப்படி வாழ்ந்தவர்களிடம் போய், உங்கள் தீவு எந்த நாட்டு வரைபடத்தில் இருக்கிறது என்று கேட்டால் என்ன பதில் சொல்வார்கள்?

அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது எண்ணெய்.

1932-இல் பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்தது. அரபுக் கரையிலேயே முதல் கண்டுபிடிப்பு. 1935 மே மாதம் கத்தார் ஆட்சியாளர் ஷேக் அப்துல்லா பின் ஜாசிம் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனிக்கு உரிமம் எழுதிக் கொடுத்தார். எதிர்க்கரையில், பஹ்ரைன் தன்னிடம் மிச்சமிருந்த பரப்பை யாருக்குக் கொடுக்கலாம் என்று பேரம் பேசிக்கொண்டிருந்தது. கம்பெனிக்காரருக்கு முதலில் தெரிய வேண்டியது, உங்கள் பரப்பு எதுவரை என்பது. 1936 ஏப்ரல் 28-ஆம் தேதி பஹ்ரைன் அரசின் ஆலோசகர் சார்லஸ் பெல்கிரேவ் பொலிட்டிக்கல் ஏஜென்டுக்கு எழுதினார்: ஹவார் பஹ்ரைனுடையது.

பெல்கிரேவ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1925-இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் வந்த வேலைவாய்ப்பு விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்து, அடுத்த ஆண்டு பஹ்ரைன் வந்து சேர்ந்தவர். 1957 வரை அங்கேயே இருந்தார். நிதி, காவல், நீதிமன்றம் எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு எந்த மொழியில், எந்த வரிசையில் சொன்னால் புரியும் என்பது அவருக்கு அத்துபடி. கத்தாரில் அப்படி ஒருவரும் இல்லை. செயற்கை முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து முத்துத் தொழிலை அழித்திருந்த காலம். ஷேக் அப்துல்லாவிடம் பணமும் இல்லை, ஆலோசகரும் இல்லை. தோஹாவில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பிரிட்டிஷ் அதிகாரி கூட 1949-இல்தான் வந்தார். அதுவரை கத்தார் விவகாரத்தைப் பார்த்தவர் பஹ்ரைனில் இருந்த ஏஜென்ட். அதாவது ஒரு தரப்பின் ஊரில், அந்தத் தரப்பின் ஆலோசகரோடு தினமும் பழகும் ஆள், இரண்டு தரப்புக்கும் நடுவர்.

1936 ஜூலையிலேயே பிரிட்டிஷ் அரசு தற்காலிகமாக ஒரு கருத்துக்கு வந்துவிட்டது: ஹவார் பஹ்ரைனுடையது போலத் தெரிகிறது. இதை எண்ணெய்க் கம்பெனிக்குச் சொன்னார்கள், பஹ்ரைனுக்குச் சொன்னார்கள். கத்தாருக்குச் சொல்லவில்லை. எத்தனை முறை படித்தாலும் இந்த இடம் எனக்கு மனம் ஆறவில்லை. அடுத்து பஹ்ரைன் தீவில் காவலர்களை நிறுத்தியது, கோட்டை கட்டியது, தண்ணீருக்குக் கிணறு தோண்டிப் பார்த்தது. 1937-இல் ஸுபாராவில் பஹ்ரைனுக்கு ஆதரவாக நின்ற நயீம் இனக்குழுவை ஷேக் அப்துல்லா படை நடத்தி அடக்கினார். பஹ்ரைன் பதிலுக்குக் கத்தாரோடு போக்குவரத்தையும் வணிகத்தையும் துண்டித்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே பேச்சு நின்றுபோன நேரத்தில்தான் ஹவார் வழக்கு நடந்தது.

1938 மே மாதம் ஷேக் அப்துல்லா புகார் செய்தார். அப்போது ஏஜென்ட் ஹியூ வெய்ட்மன். அவர் எழுதிய பதிலில் இரண்டு விஷயம் இருந்தன: பஹ்ரைன் தீவில் முறையாக இருந்துகொண்டிருப்பதால் மேலோட்டமாகப் பார்க்க உரிமை அதன் பக்கம் தெரிகிறது, உங்கள் கோரிக்கையைச் சான்றுகளோடு கொடுங்கள், அரசு நியாயமாக முடிவு செய்யும். அந்த வாக்கை நம்பி ஷேக் மே 27-ஆம் தேதி கோரிக்கையை எழுதிக் கொடுத்தார். நீதியின் பேரில் நீங்களே பாருங்கள் என்ற பொருளில் அவர் எழுதிய அந்த வரிகள், பிரிட்டன் தீர்ப்புச் சொல்ல அவர் சம்மதித்ததற்கான ஆதாரமாகப் பின்னாளில் ஹேகில் வாசிக்கப்பட்டன. டிசம்பரில் பெல்கிரேவின் பதில் வந்தது. காதியின் பழைய தீர்ப்பு, 1909-10 வாக்கில் பஹ்ரைன் ஷரியா நீதிமன்றம் தீர்த்த ஹவார் சொத்துத் தகராறுகள், மீன்பொறிகள், ஜிப்சம் என்று வரிசையாகக் கோத்திருந்தார். ஷேக் அப்துல்லா 1939 மார்ச் 30-ஆம் தேதி மறுப்பு அனுப்பினார். தீவு தங்கள் கரையோடு ஒட்டியது என்பதும், உள்ளூர்க்காரர்கள் கையெழுத்திட்ட சாட்சியமும் அதில் இருந்தன. வெய்ட்மனுக்கு இது போதவில்லை. ஏப்ரல் 22-ஆம் தேதி பஹ்ரைனுக்குச் சாதகமாக அறிக்கை அனுப்பினார். ஜூலையில் முடிவு வந்தது.

ஷேக் அப்துல்லா விடவில்லை. அடுத்த மாதமே மறுப்புக் கடிதம் எழுதினார், பிறகும் எழுதினார். உலகப்போர் தொடங்கிவிட்டது, யாருக்கும் காது கேட்கவில்லை. அந்த 1939-40 குளிர்காலத்தில் கத்தாரின் முதல் எண்ணெய் கிடைத்தது துகானில், ஹவார் இருக்கும் அதே மேற்குக் கரையில்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். தீவு பஹ்ரைனுக்குப் போனது தவறு என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கே வாழ்ந்தவர்கள் தகராறுக்குப் போனது பஹ்ரைன் நீதிமன்றத்துக்கு என்பது கனமான சான்று. ஆனால் போன வழி நியாயமில்லாதது. முடிவை மனதில் வைத்துக்கொண்டு விசாரணை நடந்தது. அதிலும் கேட்கப்பட்ட சான்று எல்லாம் காகிதமாக இருந்தாக வேண்டும். காகிதம் சேர்த்துவைக்கும் அலுவலகம் யாரிடம் இருந்ததோ அவர் ஜெயித்தார். மேய்ச்சலையும் மீனையும் நம்பி, பேச்சிலும் நினைவிலும் உரிமையை வைத்திருந்த கரை தோற்றது. தவாஸிரின் மூன்றாவது வாதத்துக்கோ அந்த விசாரணையில் இடமே கிடைக்கவில்லை.

1971-இல் இரண்டு நாடுகளும் சுதந்திரம் பெற்றன. வழக்கு அப்படியே நின்றது. சவூதி சமரசம் பேசியது. 1986 ஏப்ரலில், ஃபஷ்த் அத் திபல் என்ற திட்டில் பஹ்ரைனுக்காக வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்களைக் கத்தார் வீரர்கள் ஹெலிகாப்டரில் இறங்கிப் பிடித்துப் போனார்கள். ஏற்றத்தில் மூழ்கிவிடும் திட்டு அது. அதற்காக இரண்டு சகோதர நாடுகள் போருக்குப் பக்கத்தில் போய்த் திரும்பின. 1991 ஜூலை 8-ஆம் தேதி கத்தார் ஹேகுக்குப் போனது.

அங்கே நடந்ததில் வேதனையான பகுதி 82 ஆவணங்கள். ஹவார் கத்தாருடையது என்று காட்டுவதற்காகக் கத்தார் தரப்பு பழைய கடிதங்கள் என்று 82 காகிதங்களைத் தாக்கல் செய்தது. 1997-இல் பஹ்ரைன் அவற்றின் உண்மைத்தன்மையை எதிர்த்தது. நிபுணர்கள் பார்த்தார்கள். 1998-இல் கத்தார் அவற்றை நம்பப் போவதில்லை என்று சொல்லி வழக்கில் இருந்து விலக்கிக்கொண்டது. ஷேக் அப்துல்லாவின் உண்மையான கடிதங்களே போதிய பலம் உள்ளவை. வஞ்சிக்கப்பட்டவரின் குரல் அவற்றில் தெளிவாகக் கேட்கிறது. காகிதம் இல்லாததால் 1939-இல் தோற்றோம் என்ற காயம்தான், காகிதத்தை உண்டாக்கும் அளவுக்கு யாரையோ தள்ளியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அது அந்தக் கிழவரின் நியாயத்துக்குச் செய்யப்பட்ட பெரிய அநீதி.

2001 மார்ச் 16-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஹவார் பஹ்ரைனுக்கு, 12-க்கு 5. ஸுபாரா கத்தாருக்கு, ஒருமனதாக. ஹவாருக்குத் தெற்கே உள்ள ஜனான் தீவு கத்தாருக்கு. ஃபஷ்த் அத் திபல் கத்தாருக்கு. மீன்பொறியா, காதியா, தூரமா என்ற எதற்குள்ளும் பெரும்பான்மை நீதிபதிகள் போகவில்லை. பிரிட்டன் முடிவு செய்யட்டும் என்று இரண்டு ஆட்சியாளர்களும் ஒப்புக்கொண்டார்கள், 1939-இல் முடிவு வந்தது, அது இருவரையும் கட்டுப்படுத்தும் என்றார்கள். காரணம் எழுதாதது முடிவைச் செல்லாததாக்காது என்றார்கள். மாறுபட்ட நீதிபதிகளோ, முடிவு முன்கூட்டியே எடுக்கப்பட்டிருப்பதை அறியாமல் ஒருவர் கொடுத்த சம்மதத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்டார்கள். என் மனம் இன்றும் அந்தக் கேள்வியோடுதான் நிற்கிறது.

கித்அத் ஜராதா என்ற சிறு திட்டைப் பற்றியும் அதே தீர்ப்பு பேசுகிறது. ஏற்றத்தின்போது அதன் நீளம் சுமார் 12 மீட்டர், அகலம் 4 மீட்டர். ஒரு நடுத்தர வீட்டின் மொட்டைமாடி அளவு. வற்றத்தில் 600 மீட்டர் வரை நீளும். அதைத் தீவு என்று ஏற்று, பஹ்ரைனுக்கு என்று எழுதினார்கள். கடல் எல்லைக்கோடு ஃபஷ்த் அத் திபலுக்கும் அதற்கும் நடுவே போகிறது.

இரண்டு அமீர்களும் தீர்ப்பை ஏற்றார்கள். பஹ்ரைனின் ஹமத் பின் ஈஸா, 1939-இல் அந்தக் கடிதத்தை வாங்கிய ஹமத் பின் ஈஸாவின் கொள்ளுப்பேரன். கத்தாரின் ஹமத் பின் கலீஃபா, ஷேக் அப்துல்லாவின் கொள்ளுப்பேரன். பரம்பரை மனக்குறையை ஒரே நாளில் கீழே வைக்க முடிந்தது பெரிய காரியம். பல நாடுகள் அதைச் செய்ததில்லை. 2017-இல் பஹ்ரைன் கத்தாரோடு உறவை முறித்து, 2023-இல் மீண்டும் தொடங்கியபோதும், இடையில் கசப்பான பேச்சுகள் வந்தபோதும், தீர்ப்பின் கோடு அசையவில்லை. ஸுபாரா 2013-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. ஹவாரில் ஸொகோத்ரா நீர்க்காகங்கள் பெருங்கூட்டமாகக் கூடு கட்டுகின்றன, கடற்பசுக்கள் மேய்கின்றன.

கோடு மீனவர்களுக்கு மட்டும் பழகவில்லை. 2020-21 வாக்கில் எல்லை தாண்டினார்கள் என்று கத்தார் கடலோரக் காவல் படை பஹ்ரைன் படகுகளைப் பிடித்தது. 2024 செப்டம்பரில், வளைகுடாவின் இன்னொரு பக்கமான ஈரானில் இருந்து தொழிலுக்குப் போன நம் இடிந்தகரை மீனவர்கள் 28 பேர் பஹ்ரைன் கடலில் பிடிபட்டுச் சிறைக்குப் போனார்கள். முத்துக்குளிப்பு இந்தக் கரை மக்கள் எல்லோருக்கும் பொதுவான உரிமையாகவே மரபில் கருதப்பட்டது என்று ஹேக் நீதிமன்றமும் தன் தீர்ப்பில் குறிப்பிட்டது. குறிப்பிட்டுவிட்டு, அந்தத் தொழில் அழிந்துவிட்டதால் கோடு போடும்போது அதைக் கணக்கில் எடுக்கவில்லை. மீன்பிடி இன்னும் அழியவில்லை. ஹவாரைச் சுற்றிய ஆழமற்ற நீரிலாவது இரு நாட்டுச் சிறு படகுகளும் பழையபடி வலை போட ஓர் ஏற்பாட்டை அந்த இரண்டு அரசுகளும் தாமாகவே எழுதிக்கொள்ளலாம். அதற்கு ஹேகும் வேண்டாம், லண்டனும் வேண்டாம்.